அடியின் முனையில் ஒரு கால்



பெரிய ஆட்டம் ஒன்று முடிந்துவிட்டால் போதும், அடுத்த சில நாட்களில் நம் இதழுக்கு வரும் தபாலில் கவிதைகள் கூடிவிடும். உலகக் கோப்பை வந்தால் கிரிக்கெட், தை பிறந்தால் ஜல்லிக்கட்டு, நம் பிள்ளைகள் சதுரங்கத்தில் சாதித்தால் அதற்கும் ஒரு கட்டு. எல்லாவற்றையும் வாசிக்கிறேன். எழுதியவரின் மகிழ்ச்சி பொய்யில்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். வென்றவரின் பெயர் இருக்கும், கொடி இருக்கும், ஆனந்தக் கண்ணீர் இருக்கும், வரலாறு படைத்ததாக ஒரு வரி தவறாமல் இருக்கும். ஆனால் பெரும்பாலான கவிதைகளில் ஆட்டம் இருக்காது. கடைசி ஓவரில் நம்மை நாற்காலி நுனிக்கு இழுத்த, பக்கத்தில் இருந்தவர் கையை இறுகப் பிடிக்கவைத்த அந்தப் பதைப்பு மட்டும் காகிதத்துக்கு வராமல் மைதானத்திலேயே தங்கிவிடும்.

அது ஏன் வரவில்லை, வரவழைக்க என்ன வழி என்பதைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

இதற்குப் பாடம் கேட்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவல் நாட்டு ஆமூரில் ஒரு மல்லனோடு மற்போர் செய்து வென்றான். அதைப் பார்த்து முதல் மூன்றையும் பாடியவர் சாத்தந்தையார். அவனையே நெஞ்சில் வைத்து அடுத்த மூன்றையும் பாடியவர் நக்கண்ணையார். பெருங்கோழி நாய்கனின் மகள். புறநானூறு என்றதும் போர், கொடை, கையறுநிலை என்றே நினைத்துப் பழகிவிட்டோம். ஒரு குஸ்திக் களத்தைச் சுற்றி நின்று பார்த்தவர்களின் குரலும் அதற்குள் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய விளையாட்டுக் கவிதைகள் இவை.

80-ஆம் பாட்டைப் பாருங்கள். ஒன்பது அடி. வலிமை மிக்க மல்லனின் செருக்கு அழிந்தது என்பதை இரண்டாம் அடியிலேயே புலவர் சொல்லிவிடுகிறார். முடிவு தெரிந்துவிட்டது. இனி என்ன இருக்கிறது என்று நாம் நினைக்கும்போது, மூன்றாம் அடியில் பிடி தொடங்குகிறது. கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்திக்கொண்டிருக்கிறது. அப்படியானால் இன்னொரு கால்? மூன்றாம் அடியின் கடைசிச் சீராக அந்த இன்னொரு காலைக் குறிக்கும் சொல் மட்டும் வந்து நிற்கிறது. அது என்ன செய்கிறது என்பது அந்த அடியில் இல்லை. அடி முடிந்துவிட்டது. கால் அந்தரத்தில் இருக்கிறது. நான்காம் அடிக்குப் போனால்தான், மல்லன் போடவந்த எதிர்ப்பிடியை அந்தக் கால் தடுத்து, அவன் முதுகுப்புறத்தை வளைத்துக்கொண்டது என்று தெரிகிறது.

நான்கு சீருக்குள் ஒரு வாக்கியத்தை முடித்து, அடுத்த வாக்கியத்தின் முதற்சொல்லை மட்டும் அதே அடியில் விட்டுவைத்தார் சாத்தந்தையார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால் அந்த ஒரு சீர் நம்மை மற்போர்க் களத்துக்குள் இறக்கிவிடுகிறது. இரண்டு உடல்கள் பின்னிக் கிடக்கும்போது பார்க்கிறவனின் கண் ஒரு காலைப் பார்த்துவிட்டு மற்றக் காலைத் தேடும். அந்தத் தேடலுக்கு ஆகும் நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரத்தை அடியின் முடிவு நமக்குத் தருகிறது.

அந்தப் பாட்டின் இறுதியும் இப்படித்தான். பசியோடு மூங்கிலைத் தின்ன முயலும் யானையைப் போல, தலையும் காலும் ஒடியும்படி மல்லனை மோதி வீழ்த்துகிறான் கிள்ளி. உடல் வளைந்து ஒடிகிற அந்தச் செயல் ஈற்றயலடியில் வருகிறது. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடிக்கு மூன்று சீர்தான் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். நான்கு நான்காக நடந்துவந்த காது அங்கே ஒரு சீர் குறைந்து தடுக்குகிறது. அது யாப்பின் விதி, சாத்தந்தையார் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் விதி காலியாக விட்டுவைத்த அந்த இடத்தில் எந்தச் செயலை வைப்பது என்பது அவருடைய தேர்வு. மூச்சு குறையும் இடத்தில் மல்லனை முறிக்கிறார்.

இந்த அடி முடிவுகளையெல்லாம் அந்தப் புலவர்கள் ஓலையில் கண்ணால் பார்த்து அமைக்கவில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஓலைச்சுவடியில் வரி உடைப்பு கிடையாது. ஓலை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கும் எழுத்து ஓடும். 1894-இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டபோதுதான் அது பரவலான வாசகர்களின் கைக்கு அடி அடியாகப் பிரிந்து வந்தது. அதற்கு முன் அடி எங்கே முடிகிறது என்பதைச் சீரும் எதுகையும் மோனையும் காதுக்குச் சொல்லின. நான் சொன்ன மூன்றாம் அடியின் முதற்சொல்லும் நான்காம் அடியின் முதற்சொல்லும் எதுகையால் கட்டுண்டவை. எதுகை ஒலித்ததும் புது அடி வந்துவிட்டது என்று கேட்பவருக்குத் தெரியும். அந்தக் கணத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்த கால் கீழே இறங்குகிறது. வரி உடைப்பு என்பது காகிதத்தில் இடம்விட்டு எழுதும் அழகு என்று நினைப்பவர்கள் இந்தப் பாட்டை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும்.

82-ஆம் பாட்டில் அதே புலவர் வேறொரு வழியில் போகிறார். ஆறே அடி. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி. மழை கொட்டுகிறது. பொழுதும் சாய்கிறது. இத்தனை அவசரத்துக்கு நடுவில் ஒருவன் வாரை ஊசியில் கோத்துக் கட்டில் பின்னுகிறான். அந்தக் காலச் சமூகம் தாழ்த்தி ஒரு பெயரிட்டு அழைத்த தொழிலாளி அவன். அவன் கை ஊசி எவ்வளவு விரைந்து போகுமோ அவ்வளவு விரைவு என்கிறார் புலவர். எது அவ்வளவு விரைவு? அதைத்தான் அவர் சொல்லவில்லை. ஊரைக் கைக்கொள்ள வந்த எதிராளியைச் சொல்லி, மாலை சூடிய நம் ஆளைச் சொல்லி, பாட்டின் கடைசிச் சீரில்தான் போர் என்ற சொல் வருகிறது. திருவிழாவும் பிரசவமும் மழையும் அந்தியும் எதற்காக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன என்பது அப்போதுதான் விளங்குகிறது. அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. சண்டையின் ஒரு பிடியைக்கூட அவர் வருணிக்கவில்லை. ஆனாலும் கைகள் போய்வந்த வேகம் நம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

சொல்தேர்வுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அரசனின் வேகத்துக்கு மின்னலையும் புலியையும் ஒப்பிட்டிருக்கலாம். கேட்டுக் கேட்டு மழுங்கிப்போன ஒப்புமைகள் அவை. சாத்தந்தையார் ஒரு தொழிலாளியின் கையைப் பார்த்தார். அந்தக் கைக்கு ஒரு காரணம் இருக்கிறது, வீட்டில் ஒரு பெண் காத்திருக்கிறாள், இருட்டிவிட்டால் வேலை நின்றுவிடும். பதைப்பு என்பது வேகத்தால் மட்டும் வருவதில்லை. தவறினால் இழப்பு உண்டு என்பதால் வருகிறது. அந்த இழப்பைச் சொல்லும் சொற்களை அவர் தேடி எடுத்தார்.

இப்போது நக்கண்ணையாரிடம் வருவோம். இவர் கிள்ளியை விரும்புகிறவர். 83-ஆம் பாட்டில், அவனை நினைத்து வளை கழல்வதைத் தாய் பார்த்துவிடுவாளே என்று அஞ்சுகிறார். அவன் தோளைத் தழுவ அவையின் முன் நாணுகிறார். ஒரு பக்கமும் சேராமல் இரண்டுபட்டு நிற்கும் இந்த ஊரும் என்னைப் போலவே நடுங்கட்டும் என்கிறார். 85-ஆம் பாட்டில் ஆட்டம் நடக்கிறது. எட்டு அடி. இது அவன் ஊர் இல்லை என்று முதல் அடி. இது அவன் நாடு இல்லை என்று இரண்டாம் அடி. ஒரே ஒரு சொல்தான் மாறுகிறது. அடுத்த இரண்டு அடிகளும் இரட்டைப் பிள்ளைகளைப் போல இருக்கின்றன: வென்றான் என்று ஒரு சாரார், வெல்லவில்லை என்று இன்னொரு சாரார்.

சொந்த மண்ணில் ஆடாத வீரனுக்கு நேர்வது இது. கூட்டம் பிளந்து கிடக்கிறது. நடுவர் யாரும் பாட்டில் இல்லை. இரண்டு கூச்சல்களுக்கும் நக்கண்ணையார் ஒரே அளவு அடி தருகிறார், ஏறத்தாழ ஒரே சொற்களைத் தருகிறார். தராசின் இரண்டு தட்டும் சமமாக நிற்கின்றன. இருவர் சொல்லையும் நல்ல சொல் என்றே ஏற்றுக்கொண்டு, பிறகு தானே ஓடுகிறார். சிலம்பு ஒலிக்கிறது. வீட்டருகில் முழவு போலப் பருத்த பனை. அதில் சாய்ந்து நின்று பார்க்கிறார். என்ன பார்த்தார் என்பது பாட்டின் கடைசி அடியின் முடிவில் இருக்கிறது: அவன் வெற்றி.

ஓட்டம், சிலம்பொலி, பனைமரம், சாய்ந்து நிற்றல். வெற்றிக்கு முன்னால் இந்த நான்கும் எதற்கு? நமக்கு விடை தெரிய வேண்டிய அவசரம் ஏறிக்கொண்டே போக, அவர் மரத்தின் பருமனைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்பவரைக் காக்கவைக்க அவர் தேர்ந்தெடுத்த பொருள்கள் எல்லாம் களத்துக்கு வெளியே இருப்பவை. மனம் பதறும்போது கண்ணில் படுகிற சிறு பொருள் எவ்வளவு துலக்கமாகத் தெரியும் என்பது கடைசிப் பந்து வீசப்படும்போது சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இந்தக் கலைக்கு இலக்கணமும் நம்மிடம் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் 20 வண்ணங்களைச் சொல்கிறது. வல்லெழுத்து மிகுந்து வருவது ஒரு வண்ணம், மெல்லெழுத்து மிகுந்து வருவது ஒரு வண்ணம், நெட்டெழுத்தால் நடப்பது ஒன்று, குற்றெழுத்தால் நடப்பது ஒன்று. இவை சொல்தேர்வைப் பற்றியவை. அதே பட்டியலில் அடியைப் பற்றியவையும் இருக்கின்றன. முடிந்தது போலத் தோன்றி முடியாமல் போவது புறப்பாட்டு வண்ணம். முடியாதது போலத் தோன்றி முடிந்துவிடுவது அகப்பாட்டு வண்ணம். அடியின் எல்லையைத் தாண்டி நில்லாமல் ஓடுவது முடுகு வண்ணம். ஒரு ஆட்டத்தின் கடைசி நிமிடத்தை எழுத இந்த மூன்றும் போதும் என்று சொல்வேன்.

எப்படி என்று கிட்டத்தில் காட்டுகிறேன். கபடியை எடுத்துக்கொள்வோம். பாடிப் போனவனை எதிரணி மடக்கிவிட்டது. அவன் திமிறி நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டுகிறான். இதை வாக்கியமாக எழுதினால், 'மூன்று பேர் பிடித்தும் அவன் இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டுவிட்டான்' என்று முடிந்துவிடும். செய்தி சரி. ஆனால் படிக்கிறவர் எந்த இடத்திலும் மூச்சைப் பிடிக்க வேண்டியதில்லை. இதையே இப்படி உடைத்துப் பார்க்கிறேன்:

கணுக்காலில் இரண்டு பேர்
இடுப்பில் ஒருவன்
விரல் நீள்கிறது
கோடு
இன்னும் ஒரு சாண்
கபடி கபடி கப

மூன்றாம் வரியில் விரல் நீள்கிறது. எதை நோக்கி என்று கண் கீழே இறங்கினால் கோடு இருக்கிறது. தனி வரியாக, தனிச் சொல்லாக. தொட்டுவிட்டான் என்று மனம் ஒரு கணம் நம்பிவிடும். அடுத்த வரி அந்த நம்பிக்கையைப் பறிக்கிறது. முடிந்தது போலத் தோன்றி முடியாமல் போகிறது. இன்னும் ஒரு சாண். கடைசி வரியில் பாட்டு பாதிச் சொல்லில் நிற்கிறது. மூச்சு அறுந்ததா, விரல் பட்டதா? கவிதை சொல்லவில்லை. கபடியின் விதியே மூச்சில்தான் இருக்கிறது. பாடுகிற மூச்சு விடாமல் போய்த் திரும்ப வேண்டும். எனவே கபடியைப் பற்றிய கவிதையில் ஒரு வரி ஒரு மூச்சாக இருப்பதும், அந்த மூச்சு சொல்லின் நடுவே முறிவதும் ஆட்டத்துக்கே உரியவை. அலங்காரத்துக்காகச் சேர்த்தவை இல்லை. இதே உடைப்பைச் சதுரங்கக் கவிதையில் செய்தால் பொருந்தாது. அங்கே கைக்கும் காய்க்கும் நடுவில் நீண்ட மௌனம்; அதற்கு நீண்ட வரி வேண்டும், நெட்டெழுத்து வேண்டும்.

சொற்களையும் கவனியுங்கள். வீரம் இல்லை, வெறி இல்லை, சிங்கம் இல்லை. கணுக்கால், இடுப்பு, விரல், சாண். பார்வையாளர் கண் அந்த நேரத்தில் எதைப் பார்க்குமோ அதை மட்டும் சொல்ல வேண்டும். சாத்தந்தையார் காலையும் மார்பையும் முதுகையும் சொன்னார் அல்லவா? உடலின் பெயரைச் சொன்னால் வாசகரின் உடல் எழுந்துகொள்ளும். குணத்தின் பெயரைச் சொன்னால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஆச்சரியக்குறிகளையும் இதே காரணத்தால் தள்ளிவைக்கச் சொல்வேன். ஆச்சரியப்பட வேண்டியவர் வாசகர்.

தமிழ் வாக்கியத்துக்கு இயல்பாகவே ஒரு வசதி இருக்கிறது. வினை கடைசியில் வரும். வினைக்குள்ளும், நடந்ததா இல்லையா என்பது வினையின் வாலில்தான் இருக்கும். பிடித்துவிட்டார், பிடிக்கவில்லை, பிடித்திருப்பார் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. தீர்ப்பு கடைசி அசைகளில் இருக்கிறது. அந்த வாலுக்கு முன்னால் வரியை மடக்கினால் போதும், வாசகர் தொங்கிக்கொண்டிருப்பார்.

2024 ஜூன் 29 அன்று பார்படாஸில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 16 ஓட்டம் வேண்டும். இந்தியப் பந்துவீச்சாளர் பாண்டியாவின் முதல் பந்தை டேவிட் மில்லர் தூக்கி அடித்தார். எல்லைக்கயிற்றை ஒட்டி ஓடிவந்த சூர்யகுமார் யாதவ் பந்தைப் பிடித்தார். கால் நிலைகொள்ளவில்லை. கயிற்றைத் தாண்டிவிடுவோம் என்று தெரிந்ததும் பந்தை மேலே தள்ளிவிட்டு வெளியே போனார். திரும்ப உள்ளே வந்து மறுபடி பிடித்தார். இந்தியா 7 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. அந்த நிகழ்வைப் பற்றி வந்த பல கவிதைகள் அவர் பிடித்த பந்தையே பாடின. எனக்கோ அவர் கையில் பந்து இல்லாத நேரம்தான் கவிதை என்று தோன்றுகிறது. பந்து மைதானத்துக்குள் காற்றில் இருக்கிறது, ஆள் மைதானத்துக்கு வெளியே இருக்கிறார். அந்த நொடியில் அது சிக்ஸரும் இல்லை, அவுட்டும் இல்லை. இரண்டு நாட்டுக்கும் சொந்தமில்லாத பந்து. அங்கேதான் வரி உடைய வேண்டும். இரண்டாவது 'பிடித்தார்' அடுத்த வரியின் முதலில் வந்தால் போதும்; அடுத்த பத்தியில் வந்தால் இன்னும் நல்லது.

பிற மொழிகளிலும் இந்தப் பாடம் உண்டு. எர்னஸ்ட் தேயர் என்ற அமெரிக்கர் 1888 ஜூன் 3 அன்று சான் பிரான்சிஸ்கோ நாளேடு ஒன்றில் கேசி என்ற பேஸ்பால் வீரனைப் பற்றி 13 கண்ணிகளில் ஒரு கதைப்பாட்டு எழுதினார். தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் கடைசி நம்பிக்கை கேசி. அவனுக்கு மூன்று வாய்ப்பு. முதல் இரண்டையும் அலட்சியமாக விட்டுவிடுகிறான். மூன்றாவதுக்கு மட்டையைச் சுழற்றுகிறான். அடுத்த கண்ணியில் முடிவு வரும் என்று எதிர்பார்த்தால், தேயர் களத்தை விட்டு வெளியேறி, நாட்டில் வேறெங்கோ மகிழ்ச்சியாக இருப்பவர்களைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். கடைசி வரியில்தான் கேசி தோற்றது தெரிகிறது. நக்கண்ணையாரின் பனைமரம் செய்த அதே வேலை. எட்வர்ட் ஹிர்ஷ் என்ற இன்னொரு அமெரிக்கக் கவிஞர் இதற்கு நேர்மாறாகச் செய்தார். கூடைப்பந்தில் ஒரு விரைவுத் தாக்குதல் தொடங்கிப் பந்து வளையத்தில் விழுகிற வரைக்கும் முழுக் கவிதையையும் ஒரே வாக்கியமாக எழுதினார். வரிகள் உடைகின்றன, வாக்கியம் நிற்பதில்லை. தொல்காப்பியர் முடுகு என்று சொன்னது இதைத்தான்.

ஆனால் நம் காலத்துக் கவிஞருக்குச் சாத்தந்தையாருக்கு இல்லாத ஒரு பொறுப்பு இருக்கிறது. நான்கு சீர் ஆனதும் அடி முடியும் என்று அவருக்கு யாப்பு சொன்னது. அந்த எல்லைக்குள் எதை நிறுத்துவது என்பதை மட்டும் அவர் தீர்மானித்தால் போதும். புதுக்கவிதையில் எல்லையையும் கவிஞரே வரைய வேண்டும். 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, 1962-இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பைக் கொண்டுவந்து, அந்தச் சுதந்திரத்துக்கு வீடு கட்டிக்கொடுத்தவர் சி.சு. செல்லப்பா. 'வாடிவாசல்' எழுதியவரும் அவரே. உரைநடையில் ஒரு காளை வெளியே வருவதற்கு முந்தைய நொடிகளை எப்படி நீட்டுவது என்று அந்தக் குறுநாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆட்டத்தின் பதைப்பும் புதுக்கவிதையும் ஒரே மனிதரின் மேசையில் இருந்திருக்கின்றன என்பது ஒரு இதழாசிரியனாக எனக்கு ஊக்கம் தருகிறது. அவர் தந்த சுதந்திரத்தை மூன்று மூன்று சொல்லாக அறுத்து அடுக்குவதற்குச் செலவழித்துவிடக் கூடாது. ஒவ்வொரு உடைப்புக்கும் ஆட்டத்தில் ஒரு காரணம் இருக்க வேண்டும்: ஒரு கால் தூக்கப்பட்டது, ஒரு பந்து காற்றில் இருந்தது, ஒரு மூச்சு தீர்ந்தது.

களத்துச் சொற்களையும் விட்டுவிடாதீர்கள். முல்லைக்கலியில் சோழன் நல்லுருத்திரன் ஏறு தழுவலைப் பாடும்போது, எவனும் பாய்வதற்கு முன் காளைகளின் நிறத்தையும் கொம்பையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவார். இது பலராமனின் வெண்மை, இது திருமாலின் கருமை என்று. அந்தக் காட்சியை விவரம் தெரிந்தவரின் கண்ணால் நாம் பார்க்கிறோம். அவ்வளவு நேரமும் காத்திருக்கிறோம். இன்றைக்கு அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் பேசுகிறவர்களிடம் திமில், வாடி, பிடிமாடு, அணைகிறது என்று எத்தனை சொற்கள். மாடு 'நின்று விளையாடுகிறது' என்று அவர்கள் சொன்னால் அதில் மரியாதையும் அச்சமும் சேர்ந்தே இருக்கும். 'சீறிப் பாய்ந்த காளை' என்று செய்தித்தாள் சொல்வதில் இரண்டும் இல்லை. கிரிக்கெட்டுக்கும் தெருவில் ஆடுகிற பிள்ளைகளின் சொற்களே உயிரானவை. கவிதைக்காக அவற்றைத் தூய்மைப்படுத்த முயலாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த நுணுக்கம் எல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு என் மனத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

பதைப்பு என்பது முடிவை மறைத்து வாசகரை ஏமாற்றும் தந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் 80-ஆம் பாட்டு முடிவை முதலிலேயே சொல்லியும் நம்மை ஏன் இறுக்கிப் பிடிக்கிறது? முடிவு தெரிந்த பழைய ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்க்கும்போதும் ஏன் நெஞ்சு அடித்துக்கொள்கிறது? இரண்டு பேரும் வெல்லக்கூடியவர்களாக இருந்த ஒரு நேரம் அந்த ஆட்டத்தில் இருந்தது. அட்டவணையில் ஏறிய முடிவு அந்த நேரத்தை அழித்துவிடுகிறது. வென்றவன் வெல்லவே பிறந்தவன் போலவும், தோற்றவன் தோற்கவே வந்தவன் போலவும் பிறகு பேசுகிறோம். வரியை அந்த நேரத்தின் மேல் நிறுத்துகிற கவிஞர் அந்தப் பொய்யை ஏற்க மறுக்கிறார். தூக்கிய கால் கீழே இறங்காதவரை ஆமூர் மல்லனும் தோற்கவில்லை. பந்து காற்றில் இருக்கும்வரை மில்லரும் அவுட் இல்லை.

81-ஆம் பாட்டில் சாத்தந்தையார், கடலினும் பெரிதான ஆரவாரத்துக்கு நடுவே ஒரு கேள்வி கேட்கிறார்: இவன் கையில் அகப்பட்டவர்கள் யாரோ, இரங்கத்தக்கவர்கள். வென்றவனைப் பாட வந்த புலவர் எதிராளியின் பக்கம் திரும்புகிறார். பாராட்டுப் பாட்டில் இப்படி ஒரு இடம் வருவதற்கு அவர் ஆட்டத்தை உண்மையாகப் பார்த்திருக்க வேண்டும். உண்மையாகப் பார்த்தவர்களுக்கு எதிராளி வெறும் படிக்கட்டு ஆகமாட்டான். அவனும் பயிற்சி செய்தவன், அவனுக்கும் ஒரு ஊர் இருக்கிறது, அங்கேயும் யாரோ ஒருவர் மரத்தில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளையாட்டுக் கவிதை இதை மறந்தால் வெற்றி அறிவிப்பாகச் சுருங்கிவிடும். நாட்டுக்கு நாடு, ரசிகருக்கு ரசிகர் பகை வளர்க்கிற கூச்சல் நம்மைச் சுற்றி நாள்தோறும் கேட்கிறது. அதற்கு நடுவே, இரண்டு பக்கத்தையும் சமமாக நிறுத்திக் காட்டுகிற நக்கண்ணையாரின் இரண்டு அடிகள் எனக்கு மிகப் பெரியவையாகத் தெரிகின்றன.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் மாதங்களில் விளையாட்டுக் கவிதைகளுக்கு நம் இதழில் பக்கம் ஒதுக்குகிறோம். எந்த ஆட்டமும் இருக்கலாம்: பள்ளிக்கூடத்து கோகோ, தெருமுனைக் கேரம், கோயில் திருவிழாவில் வழுக்குமரம், தொலைக்காட்சியில் பார்த்த டென்னிஸ். முடிவுக்கு ஒரு நொடி முன்னால் நின்று எழுதுங்கள். வென்றவர் பெயர் இல்லாமலே எழுத முடியுமா என்று பாருங்கள். எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். வரி முடியும் இடத்தில் உங்கள் குரல் தானாக நிற்கிறதா, இல்லை காகிதம் நிறுத்தியதால் நிற்கிறதா என்று காது சொல்லிவிடும். குரல் நிற்காத இடத்தில் உடைத்த வரியைச் சேர்த்துவிடுங்கள். ஆட்டம் தெரிந்த ஒருவருக்கும், அந்த ஆட்டத்தைப் பார்த்தே இராத ஒருவருக்கும் படித்துக் காட்டுங்கள். முதலாமவர் விவரத்தில் பிழை இருந்தால் சொல்வார். இரண்டாமவர் அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்டால் உங்கள் கவிதை தேறிவிட்டது.

தோற்ற ஆட்டத்தைப் பற்றியும் எழுதுங்கள். நம் ஊர் அணி, நம் பிள்ளை, நாம் பெரிதும் விரும்பிய வீரர் தோற்ற ஆட்டம். அதை எழுதும்போதுதான் எந்த நொடி வரை நம்பிக்கை இருந்தது என்று மனம் துல்லியமாகத் தேடும். அந்த நொடியைக் கண்டுபிடித்தால் வரியை எங்கே உடைப்பது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுதி அனுப்புங்கள், ஆவலோடு வாசிக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்